மாப்பிள்ளைக்குச் சோடா

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கை வீங்கியிருப்பதைத் தவிர, அது எப்படி வீங்கியது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நீ பார்த்துக்கொள்கிற கிழங்கள் உன்னை ரொம்பப் படுத்தாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்லுவாய், அப்புறம் அழுவாய், அப்புறம் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுக்க நான்தான் பேசுவேன். போன வாரம் சொன்னாயே, வேலை ஒப்பந்தம் முடிஞ்சதும் அவர்கிட்டயே போயிடலாம்னு இருக்கேன்மா, குழந்தைக்கு அப்பா வேணும்ல என்று, அதற்கான பதில் இதில் இருக்கிறது, கடைசி வரைக்கும் படி. உன் புருஷனை அவன் இவன் என்றுதான் எழுதுவேன், மரியாதை எல்லாம் தீர்ந்துவிட்டது.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் கடல்மீன் தொட்டி உடைந்துவிட்டது. அந்தப் பிஸ்கட் டப்பா அளவுக் கண்ணாடிக்குள் நீ ஒரு கடலையே வைத்து, என் கையைப் பிடித்து, இதை மட்டும் உயிரோட வெச்சிரும்மா என்று சொல்லிவிட்டுப் போனாய், நான் என்னால் ஆனதைச் செய்தேன். தண்ணீர் வற்ற வற்ற நான் உப்புத்தண்ணீரையே ஊற்றி, தண்ணிதாம்மா ஆவியாகும், உப்பு அங்கேயேதான் கிடக்கும், நல்ல தண்ணிய ஊத்து என்று நீ போனில் கத்தினாயே, அதைத் தாண்டினோம். கண்ணாடி முழுக்கச் சளி மாதிரி பழுப்புப் பாசி படர்ந்தது, அதையும் தாண்டினோம். அதற்குப் பிறகுதான் அந்த வண்ணமீன் கடைக்காரர், இந்தக் கல்லைப் போடுங்கம்மா, உயிருள்ள கல்லு, தண்ணிய அதுவே சுத்தம் பண்ணிக்கும் என்று ஓட்டை ஓட்டையாக ஒரு கல்லைக் கொடுத்தார். அந்தக் கல்லோடு ஒரு கொலைகாரனும் சேர்ந்து வந்தான், அதை அவர் சொல்லவில்லை, அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது, டப் டப் என்று, சுவிட்சில் பொறி தட்டுகிற மாதிரி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சுவிட்ச் போர்டையே கழற்றச் சொன்னேன், அவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, உங்க காதுல கோளாறுமா என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் பேரும் என் மனதில் இருக்கிறது. அதற்குள் நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன, ஓடு உளியால் தட்டின மாதிரி உடைந்து உள்ளே காலியாகக் கிடந்தது. நண்டு ஒரு கை இல்லாமல் சுற்றியது. ஒரு மத்தியானம் நான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு பச்சை இறால், கண்கள் இரண்டும் குச்சி முனையில் ஆளுக்கொரு பக்கம் சுழல்கின்றன, நெஞ்சோடு மடக்கி வைத்த இரண்டு குண்டாந்தடிக் கை. கல் ஓட்டையிலிருந்து தலையை நீட்டியது, நத்தையைப் பார்த்தது, அவ்வளவுதான், அடி விழுந்தது எனக்குத் தெரியவில்லை, டப் என்ற சத்தமும் ஓடு தெறித்ததும்தான் தெரிந்தது. நத்தையை ஓட்டைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்தவர் வீட்டில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வது, உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வர வேண்டும் என்பது, வெளியே வந்தால் யாரையாவது அடிப்பது, எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் அந்த மீன் கடையிலும் அதற்கு அதுதான் பேர்.

கடைக்காரர் வழி சொன்னார், கல்லை வெளியே எடுத்து அது இருக்கிற ஓட்டையில் சோடாவை ஊற்றுங்கம்மா, மூச்சு முட்டித் தானா வெளியே விழும், அப்போ ஒரே போடாப் போட்டுடுங்க என்று. சோடா வாங்கிக்கொண்டு தெருவில் வருகிறேன், அவர் கடை வாசலிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, என்னம்மா சோடா பாட்டில் வாங்கியாச்சா, இன்னைக்கு மாப்பிள்ளைய முடிச்சிடுவீங்கல்ல என்று கேட்டார். நானும் சும்மா இருக்காமல், பொந்தை விட்டு வெளியே வரட்டும், தலையை நசுக்கிட்டுத்தான் மறுவேலை என்றேன். திரும்பினால் மருந்துக் கடையில் உன் நாத்தனார் நிற்கிறாள், கையில் மாத்திரை அட்டை, முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் செருப்பு ஒன்று நழுவினதைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஏன் ஓடுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை, விளங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

நான் வீட்டுக்கு வந்து கல்லை எடுக்கலாம் என்று புடவையைச் செருகிக்கொண்டு நிற்கிறேன், கதவை உதைத்துக்கொண்டு அவன் வருகிறான், பின்னாலேயே நாத்தனார். ஏய் கிழவி, என்னைச் சோடா பாட்டிலால அடிச்சுக் கொல்ல ஆள் பேசுறியாமே என்றான். ஐயோ அது இல்லப்பா, இறாலைச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருப்பான். ஆனால் உன் முதல் தொட்டி ஞாபகம் வந்தது. சாப்பாடு பத்து நிமிஷம் தாமதம் என்று அவன் அதில் சோப்புத்தூளைக் கொட்டினான், மீன்களெல்லாம் நுரைக்குள் வாயைப் பிளந்துகொண்டு செத்தன, தடுக்கப் போன உனக்கு மூக்கில் அடி. நீ அன்றைக்கு அரக்குச் சேலை கட்டியிருந்தாய், ரத்தம் அதில் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அதனால் நான், ஆமாண்டா, ஆள் எதுக்கு, நானே போதும் என்றேன்.

மேஜை மேல் இருந்த சோடா பாட்டிலை எடுத்துச் சுவரில் அடித்தான், கண்ணாடி என் காதுப் பக்கமாகத் தெறித்தது. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் தோளில் ஒன்று வைத்தேன், நன்றாக விழுந்தது, அந்தச் சத்தம் இன்னும் காதில் இனிக்கிறது. பிடித்துத் தள்ளினான், அலமாரி முனையில் முழங்கை இடித்தது, அதுதான் வீக்கம். உன் மகள் முன்பெல்லாம் அவன் குரல் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள் அல்லவா, அன்றைக்குப் போகவில்லை, குப்பை அள்ளுகிற முறத்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குத் தொட்டி கண்ணில் பட்டது. இதுலதானே அவ உயிர வெச்சிருக்கா, இதைப் பிச்சுப் போட்டாத்தான் புத்தி வந்து காலடிக்கு வருவா என்று சொல்லிக்கொண்டே குழந்தையை ஒதுக்கிவிட்டு, சட்டைக் கையைக்கூட மடிக்காமல் உள்ளே கைவிட்டு, அந்தக் கல்லைத்தான் பிடித்தான். ஓட்டைக்குள் கட்டைவிரல் போய்விட்டது.

டப்.

அவன் போட்ட கூச்சல் மாடி வீட்டுக்காரரையே இறங்கி வரவைத்தது. நகம் நடுவில் பிளந்து, தோல் வாய் மாதிரி திறந்து, ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடியது. வலியில் கல்லை உதறினான், அது கண்ணாடியில் போய் விழுந்து முன்பக்கம் முழுக்கச் சரிந்தது, உன் கடல் மொத்தமும் தரையில். நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், நல்லவேளை அந்தப் புத்தி இருந்தது. நாத்தனார் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என்னடி வெச்சிருக்கீங்க அதுக்குள்ள, கத்தியா என்று அவன் அழுகிறான். உன் மகள் ரொம்ப அமைதியாக, கத்தி இல்லப்பா, மாப்பிள்ளை, அவரைத்தான் பாட்டி கொல்லப் பார்த்தாங்க என்றாள். மாடி வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அந்த இறால் கல்லை விட்டு வெளியே விழுந்து, தரையில் கையை ஓங்கிக்கொண்டு என் துடைப்பக் குச்சியோடு சண்டை போட்டது. நான் செருப்புக் காலைத் தூக்கிவிட்டேன், இத்தனை நத்தைகளைக் கொன்றதற்கு ஒரே மிதி. அப்போது அவன், மிதி, மிதிச்சுக் கொல்லு அந்தச் சனியனை என்று கத்தினான். அவன் சொல்லி நான் ஒரு காரியம் செய்வேனா? காலை இறக்கிவிட்டேன். நீ எப்போதும் வாளியில் கலக்கி வைக்கச் சொன்ன உப்புத்தண்ணீரில் கொஞ்சம் மொண்டு, மாவு போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடியில் முறத்தால் தள்ளி விட்டேன். மற்றதையெல்லாம் அந்த வாளியிலேயே போட்டோம். பச்சைப் பொத்தான் மாதிரி இருக்குமே அந்தப் பவளம், அது தப்பித்தது, இன்று காலை விரிந்தும் இருக்கிறது. ஒற்றைக் கை நண்டு தப்பித்தது. உன் மஞ்சள் மீன் தப்பவில்லை. அலமாரிக்கடியில் துள்ளிப் போய்விட்டது, நான் படுத்துக் கைவிட்டுத் துழாவி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. நீ உதட்டைக் குவித்தால் கண்ணாடியோரம் வரும் மீன். பூந்தொட்டியில் புதைத்தோம். அவனை நான் மன்னிக்காதவற்றில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது பதிலுக்கு வருகிறேன். அன்றைக்கு உன் விரலுக்குக் கட்டுப் போட்ட அதே டாக்டரிடம்தான் அவன் போயிருக்கிறான், தையல் போட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கிற நர்ஸம்மா நம் தெருவுக்காரி, நேற்று பால் வாங்குகிற இடத்தில் என்னைப் பார்த்து, உங்க மாப்பிள்ளை வீட்டுக் கதவை முதல்ல மாத்தச் சொல்லுங்கம்மா, அன்னைக்கு உங்க பொண்ணு விரல், இன்னைக்கு அவர் விரல் என்றாள். உன் மோதிர விரலை பெல்ட் கொக்கியால் அடித்து உடைத்துவிட்டு, கதவுல நசுங்கிடுச்சு டாக்டர் என்று உன்னையே சொல்ல வைத்தானே, இப்போது தனக்கு அடிபட்டபோதும் அவன் வாயில் அதே கதவுதான் வந்திருக்கிறது. யோசித்துக்கூடச் சொல்லவில்லை, பழகிப்போன பொய். இந்நேரம் உனக்குப் போன் பண்ணி, கட்டுப் போட்ட விரலைக் காட்டி, கண்ணீர் விட்டு, உங்கம்மா என்னைக் கொல்லப் பார்த்தா, நீ வந்தாத்தான் எனக்கு ஆறுதல் என்று சொல்லியிருப்பான். நீ இளகியிருப்பாய். இளகும்போது உன் மோதிர விரலை மடக்கிப் பார், அது எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்கு மட்டும் அவன் சொல்வதை நம்பு. குழந்தைக்கு அப்பா வேண்டும் என்றாய். குழந்தையையே கேட்டேன். அப்பா வேணாம்னு இல்ல பாட்டி, அப்பா கைதான் வேணாம் என்றாள். கை இல்லாமல் அவனை எங்கே போய் வாங்குவது?

ஜாடியிலிருக்கிற அந்த இறாலுக்கு அதன் கல்லையும் போட்டு, தினம் ஒரு துண்டு மீன் குச்சியில் குத்திக் கொடுக்கிறேன், தண்ணீரும் மாற்றுகிறேன். வயிறு நிறைந்தால் சும்மா கிடக்கிறது, யாரையும் அடிப்பதில்லை. அது பசிக்கு அடிக்கிற ஜீவன். அவன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு வந்து அடித்தவன். அந்தப் பேரை அதற்கு வைத்தது நான் அதற்குச் செய்த அநியாயம், எடுத்துவிட்டேன்.

பூட்டை மாற்றிவிட்டேன், புதுச் சாவி ஒன்று உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் நேராக இங்கே வா. புதுத் தொட்டி வாங்கலாம், அந்தக் கடைக்காரர் தலையில் கட்டுகிற கல் மட்டும் வேண்டாம். காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வேலைக்குப் போகாதே, அவன் போனை எடுக்காதே, எடுத்தாலும் பேசாதே, பேசினாலும் அழாதே. நீ நீண்ட ஆயுசோடு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் தினம் கேட்பது.

இப்படிக்கு,
உன் அம்மா

மறந்துவிட்டேன், இறாலுக்கு உன் மகள் வேறு பேர் வைத்துவிட்டாள். அப்பா விரலை நசுக்கினது கதவுன்னா, அந்தக் கதவு இதுதானே பாட்டி என்று சொல்லி, கதவு என்று கூப்பிடுகிறாள். கதவு நன்றாக இருக்கிறது. நீ எதற்கும் பயப்படாதே, இந்த வீட்டில் இப்போது கதவு கெட்டியாக இருக்கிறது.