சுவரில் இருந்த எழுபத்தைந்து

புரட்டாசி 22

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. புது ஏ.இ., அதாவது உதவி இன்ஜினியர், காலையில் சப்ஸ்டேஷனுக்கு வந்தார். கண்ட்ரோல் ரூம் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அதில் என்னதான் இல்லை! எந்த லைனில் எவ்வளவு ஆம்பியர், எந்த மணி அடித்தால் யாருக்குப் போன், லைன்மேன் விலாசம், தாய ஆட்டத்தில் ஜெயித்தவர் பெயர், பால் வராத நாள். எல்லாம் பென்சில்.

"இது சப்ஸ்டேஷனா, சத்திரமா?" என்றார்.

உத்தரவு:
1. எது எவ்வளவு இருக்கலாம், மீறினால் என்ன செய்வது, எல்லாம் ஒரே நோட்டில்.
2. மணிக்கு மணி ரீடிங் ஒரே மாதிரித் தாளில். மணி அடித்தது, லைன் விழுந்தது தனி நோட்டில்.
3. பழைய தாள்கள் மாதவாரியாகக் கட்டி பீரோவுக்குள்.
4. ஆயுத பூஜைக்குள் சுவருக்கு வெள்ளை.

எழுதும் வேலை எனக்கு. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

புரட்டாசி 25

நாள் முழுக்கச் சுவரும் நோட்டும். கழுத்து வலி. பாதி எழுத்து அழிந்துவிட்டது. இரண்டாம் நம்பர் டிரான்ஸ்பார்மர், எண்ணெய்ச் சூடு: சுவரில் "75 வந்தால் செம்பட்டி லைன் நிறுத்து". தேதி இல்லை, கையெழுத்து இல்லை. கம்பெனிப் புத்தகத்தில் 85. அச்சில். தேதியும் கையெழுத்தும் இல்லாத எதையும் ஏற்றாதே என்பது ஏ.இ. சொன்னது. 85 என்று எழுதினேன்.

கேட்க ஆள் இல்லை. நான் கொடைரோட்டிலிருந்து மாற்றலாகி வந்ததே ஆடியில். இங்கே கோடையைப் பார்த்ததில்லை. பழைய ஆட்களில் காதர் பாய் ஒருவர்தான் மிச்சம். அவரும் லீவு, மகள் கல்யாணம். ஒரு எண்ணுக்காகக் கல்யாண வீட்டில் போய் நிற்பதா? வந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

புரட்டாசி 28

ஆயுத பூஜை. சுவர் பளிச். பேனல், ஸ்விட்ச், இரண்டு டிரான்ஸ்பார்மர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி கடலை கொஞ்சம் நமுத்துவிட்டது. செல்லையா என் நோட்டுக்கும் பொட்டு வைத்தான். என் வீட்டுக்காரி பாக்கியத்தின் தம்பி. இரண்டு பிள்ளைக்காரன். நான் சொல்லித்தான் போன மாதம் இங்கே வேலைக்குச் சேர்ந்தான்.

"மச்சான் எழுதுனது நமக்கு வேதம்ல," என்று சிரித்தான்.

ஐப்பசி 2

இன்னும் மழை இல்லை. செம்பட்டிப் பக்கம் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடுகிறது; அத்தனை பாரமும் இரண்டாம் நம்பர் மேல். பழைய தாள்களைக் கட்டினேன். கட்டும்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று கோடைத் தாள்கள். இரண்டாம் நம்பர் சூடு 73, 74, 75. அதற்கு மேல் ஒரு தாளிலும் இல்லை. 75 வந்த அன்றெல்லாம் செம்பட்டி லைனை நிறுத்தியிருக்கிறார்கள். எல்லார் ஷிப்டிலும். ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை.

பீரோவைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். சட்டைப் பொத்தான் ஒன்று காணோம்.

ஐப்பசி 3

செல்லையா ஷிப்ட் முடிந்து மதியம் சாப்பிட வந்தான்.

"இன்னைக்கு ரெண்டாம் நம்பர் எழுவத்தொம்பது போச்சு மச்சான். கிட்டப் போகமுடியல, அம்புட்டு அனல்."

"நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? எம்பத்தஞ்சுக்கு இன்னும் ஆறு இருக்குல்ல. நீங்கதான எழுதிருக்கீங்க."

சோறு இறங்கவில்லை. வெஞ்சனம் நல்லா இல்லையா என்றாள் பாக்கியம். நல்லா இருக்கு என்றேன்.

நோட்டைத் திருத்தலாம். யாரைக் கேட்டுத் திருத்தினாய் என்பார் ஏ.இ. என்ன சொல்வது, சுவர் சொன்னது என்றா? சுவரிலும் இப்போது இல்லை. திருத்தாவிட்டால், அந்த எண்ணெய் பற்றிக்கொண்டால், பக்கத்தில் நின்று ரீடிங் எடுப்பவன் செல்லையா. பயமாக இருக்கிறது. நான் பயந்தாங்கொள்ளி. இதை இங்கே எழுதலாம்.

நாளை எனக்கு ஓய்வு. பாயைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஐப்பசி 4

ஒரு மணிக்குச் சைக்கிளில் பேகம்பூர். காதர் பாய் வீட்டு வாசலில் பந்தல், பிரியாணி தேக்சா, நெய் வாசனை. பாய் வெற்றிலைத் தட்டோடு வந்தார். கேட்டேன்.

"எழுவத்தஞ்சா? நாந்தான் தம்பி எழுதுனேன். பழைய சூட்டு மீட்டரு ஒடஞ்சு போயி வேற ஒண்ணு மாட்டுனாக. அன்னையிலருந்து பத்து டிகிரி கொறச்சுத்தான் காட்டுது. ரெண்டு தடவ எழுதிப் போட்டேன், பதிலக் காணோம். அதான் செவத்துல எழுதி வச்சேன்."

"செவுரு வெள்ளையடிச்சாச்சு பாய்."

"அப்ப நோட்டுல?"

"எம்பத்தஞ்சு."

தட்டைக் கீழே வைத்தார். "யா அல்லா. போங்க தம்பி, இங்க நிக்காதீங்க."

சைக்கிள் மிதித்தது நினைவில்லை. 2.10க்குப் போய்ச் சேர்ந்தேன். மீட்டரில் 83. அப்படியென்றால் 93. இன்று மதிய ஷிப்ட் செல்லையா. தாளும் பென்சிலுமாக டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே நின்றான். எண்ணெய் காந்தும் வாடை. பூஜைப் பொட்டு இன்னும் அழியவில்லை.

"மாப்ளே, இங்கிட்டு வா. செம்பட்டி லைன நிறுத்து."

"நோட்டுல எம்பத்தஞ்சு..."

"நோட்டு தப்பு."

"உத்தரவு இல்லாம நிறுத்துனா வேல போயிரும் மச்சான்." ஏ.இ.க்குப் போன் போட்டான். ஆள் பழனிப் பக்கம் கேம்ப்.

ஓய்வில் இருப்பவன் ஸ்விட்சைத் தொடக் கூடாது. தொட்டேன். செம்பட்டி லைனை நிறுத்தினேன். ஐந்து மணிக்கு 74. அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி 5

மேகம். ஏ.இ. காலையிலேயே வந்து எழுத்தில் விளக்கம் கேட்டார். எழுதினேன். சுவரில் 75 பார்த்தேன், விட்டுவிட்டேன், 85 என் கையால் எழுதியது. காதர் பாய் கல்யாண வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். செல்லையாவும் வந்தான்.

ஏ.இ. சத்தம் போடவில்லை. எண்ணெய்க்குள் இருந்த மீட்டர் குமிழைக் கழற்றி, டீ போடும் கெட்டிலில் வைத்து, ஸ்டவ்வைப் பற்றவைக்கச் சொன்னார். முள் 50. 60. மீட்டர் சரியாக இருந்தால், காரணமில்லாமல் லைனை நிறுத்தியவன் நான், வேலை போகும். தப்பாக இருந்தால், செல்லையாவை நேற்று எங்கே நிற்க வைத்திருந்தேன்? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. 80.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நூறு காட்ட வேண்டிய முள் 90ல் நின்றுவிட்டது. அசையவில்லை. ஐந்து நிமிஷ வேலை. இத்தனை வருஷத்தில் யாரும் செய்யவில்லை.

செல்லையா நேற்றைய 83-ஓடு பத்தை விரல்விட்டுக் கூட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

ஏ.இ. தன் பென்சிலை என்னிடம் நீட்டினார். "நோட்டுல திருத்துங்க. சுவத்துலயும் எழுதுங்க. ஏன்னு காரணத்தையும் எழுதுங்க." புதுச் சுவரில் எழுதினேன். தேதி, கையெழுத்து. ஏழு கோணலாக விழுந்தது.

என் விஷயம் மேலே போகிறது. பதில் பிறகு வருமாம்.

மதியம் செல்லையா வீட்டுக்கு வந்தான். வருவான் என்று நினைக்கவில்லை. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டான். என் இலையைத் தொடாமல், அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.