குழாய்க்குப் பக்கத்தில் நின்ற கனம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சௌக்கியம், உன் அத்தையும் சௌக்கியம், அவள் முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன், பிறகு ரெண்டு பேரும் சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். நிதானமாக உட்கார்ந்து படி.

அத்தை தெருவில் இந்த வருஷமும் தண்ணீர் ஏறிவிட்டது. மழைத் தண்ணீர் என்றாலாவது பரவாயில்லை, கக்கூஸ் வழியாக மேலே வருகிறது. கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்து ஊரையே திட்டிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுத் தையல்காரர் குழந்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. அந்தத் தெருவுக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் ஆழமாக ஒரு வடிகால் வெட்டலாமா என்று நகராட்சியில் யோசிக்கிறார்கள். அங்கே இருப்பது கறுப்பு மண், மிதித்தால் அமுங்கும், காலை எடுத்தால் மெல்ல எழும்பும். அதற்குள் தண்ணீர் சுலபமாக ஓடுமென்றால் வடிகால் வேலை செய்யும், தெரு காயும், ஆனால் தண்ணீர் போன மண் அப்படியே உட்கார்ந்துவிடும், இடுகாட்டின் ஓரத்து வரிசையும் கூடவே இறங்கும். ஓடாது என்றால் வடிகால் வெட்டிப் பிரயோஜனமில்லை, யாரும் அங்கே மண்வெட்டியே போட மாட்டார்கள். அந்த ஓரத்து வரிசையில்தானே உன் அம்மாவைப் படுக்க வைத்திருக்கிறோம்.

அந்த மண்ணில் தண்ணீர் ஓடுமா என்று அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் அதிகாரி அம்மா நல்லவர், உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா வேற ஆளப் பாக்கறேன் சார் என்றார், நான்தான் வீராப்பாக வேண்டாம் என்றேன். குழாயை மண்ணுக்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்த மாதிரி மண்ணில் குழாய்க்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. ஆள் கனத்தில் மண் நசுங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடும். அதனால் தூரத்தில் பலகை போட்டு உட்கார்ந்துதான் அளவைப் பார்ப்போம். சின்ன வயசில் நீ ஓடி வந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

தண்ணீரை ஊற்றிவிட்டுப் பார்த்தால், குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும் அம்மாவின் கல்மேல் பறவை எச்சம். துடைக்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். உன்னைப் பற்றி, அத்தையின் கட்டிலைப் பற்றி, பால்காரன் தினமும் லேட்டாக வருவது பற்றி எல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் குழாயில் தண்ணீர் இறங்கவே இல்லை. அப்பாடா, இனி உன்னை யாரும் தொட மாட்டாங்க என்று அவளிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தனை சந்தோஷம். பிறகுதான் குனிந்து பார்த்தேன். குழாயை ஒட்டி நிற்கிறேன், மண் அமுங்கி, செருப்பைச் சுற்றித் தண்ணீர் கசிந்திருக்கிறது. நான் அவள் பக்கத்தில் நின்ற கனம்தான் தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்திருக்கிறது. என்னோடு துளை போட வரும் பையன், மொட்டை என்று கூப்பிடுவோம், பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. ஏண்டா சொல்லவில்லை என்றால், அண்ணி அங்க இருக்காங்களேண்ணே, இந்த அளவையே எழுதிக் குடுத்துடுங்க, யாருக்குத் தெரியப்போகுது என்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மண் பழையபடி எழும்பட்டும் என்று விட்டுவிட்டு மறுநாள் போனேன், பலகையைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. தள்ளி இன்னொரு குழாய் போட்டோம், அதிலும் அப்படியே. அதைத்தான் அதிகாரி அம்மாவிடம் சொன்னேன். வடிகால் வருகிறது. ஓரத்து வரிசையில் இருப்பவர்களை மேட்டுப் பக்கத்துக்கு மாற்றப் போகிறார்கள். அத்தையிடம் சொன்னதும் கட்டிலைவிட்டு அந்தத் தண்ணீரிலேயே இறங்கி நின்று, எனக்கு இந்தத் தண்ணியே போதும்டா பாவி, அவளத் தோண்டாதடா என்று அழுதாள். நானும் அழுதேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தத் தையல்காரர் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் வேறு எதையும் சொல்ல முடியாதம்மா. உன் அம்மா இருந்திருந்தாலும், சமையலறையில் சொல்வாளே, குறுக்க நிக்காதீங்க, தள்ளி நில்லுங்கன்னு, அதைத்தான் சொல்லியிருப்பாள்.

எடுக்கும்போது சொந்தக்காரர் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அன்றைக்கு என்னை யாரும் தள்ளிப் போகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தனியாக நிற்க எனக்குத் தெம்பில்லை. வந்துவிடு கண்ணு.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, லீவு கேட்க மறந்துவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா