கோச்சாக் உணவகத்து மீன் சூப்

செகெட், 4 மார்ச் 2011

அன்புள்ள வில்மா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். உன் தங்கை எதெல்கா நலமா?

பெயர்பெற்ற உணவகங்களின் பதார்த்தத்தை அப்படியே சமைத்துக் காட்டும் அந்தத் தொலைக்காட்சிப் போட்டி இருக்கிறதே, இந்த வாரம் நம் கோச்சாக்கின் மீன் சூப். கடை மூடி இரண்டு வருஷமாகியும் ஊர் மறக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நானும் கலந்துகொண்டேன். இருபத்தாறு வருஷம் அங்கே தலைமைச் சமையல்காரன், என்னை யார் ஜெயிப்பார்கள்?

மூன்று பேரில் மூன்றாவதாக வந்தேன். நடுவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நல்ல சூப்தான் ஐயா. ஆனா கோச்சாக் சூப் இது இல்ல" என்றார். ஜெயித்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ என்னை விட்டு எதெல்கா வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாகிறது. கேட்க வேறு ஆளில்லை.

உன்
காஷ்பார்

கிராட்ஸ், 13 மார்ச்

காஷ்பார்,

பார்த்தேன். ஒட்டுமீசை உனக்குப் பொருந்தவில்லை.

சிறு மீனையும் வெங்காயத்தையும் நீ ஒன்றரை மணி நேரம் வேகவைத்தாய். நான் நாலு மணி நேரம் வைப்பேன். பிறகு மூன்று தடவை சல்லடையில் தேய்ப்பேன். நீ பத்து மணிக்கு வரும்போது சாறு தயாராக இருக்கும். மிளகாய்த்தூளும் கெண்டைத் துண்டும் போட்டு, "என் சூப்" என்பாய்.

பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வந்த அன்று, "வில்மா, கொஞ்சம் தள்ளி நில்லு, சட்டி மறையுது" என்றாய். நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

வில்மா

செகெட், 9 ஏப்ரல்

அன்புள்ள வில்மா,

நினைவிருக்கிறது. நீ எழுதிய பிறகுதான் வந்தது. அதுவே எனக்கு வெட்கம்.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்று கூப்பிட்டார்கள். இந்தமுறை சொந்தப் பெயரில், மீசை இல்லாமல் போனேன். நீ சொன்னபடியே நாலு மணி நேரம். முதல் பரிசு. தொகுப்பாளினி, "போன தடவை என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள்.

"போன தடவ நான் சமைச்சேன்மா. இது என் பொண்டாட்டி வில்மாவோட சூப். கோச்சாக்ல நீங்கல்லாம் குடிச்சதும் அவ சூப்தான்."

எல்லோரும் சிரித்தார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று. நான் சிரிக்கவில்லை.

அந்தச் சூப்பை ஒருவனுக்கு மட்டும் அளவாக வைக்க முடியவில்லை. மூன்று நாள் அதையே சூடாக்கிச் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் யாராவது ஏறி வந்தால் நீதானோ என்று காது கொடுக்கிறேன். வந்துவிடேன்.

உன்
காஷ்பார்

கிராட்ஸ், 24 ஏப்ரல்

அன்புள்ள காஷ்பார்,

ஒளிபரப்பைப் பார்த்தோம். நீ என் பெயரைச் சொன்னதும் எதெல்கா அழுதாள். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் தட்டை நீட்டி, "வில்மாம்மா, இன்னும் கொஞ்சம்" என்கிறார்கள்.

இத்தனை வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேன். நீ சொன்ன அன்றே அது போய்விட்டது. போன பிறகுதான் தெரிந்தது, நம் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று.

நான் வரமாட்டேன், காஷ்பார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

வில்மா