இன்பச் சுற்றுலா வருகிறவனுக்கு

சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்
9-8-66

மகன் சவரிமுத்துவுக்கு அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி ஜோதிமேரி எழுதுவது. நானும் இவளும் மாதா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை, சுகமில்லாதவன் இன்பச் சுற்றுலா கிளம்புவானா. உன் கடிதத்தில் அந்த வார்த்தையை மட்டும் இவளைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆபீஸ் சிநேகிதர்களோடு புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பார்க்க வருகிறாயாம், வள்ளம் பேசி வைக்கணுமாம், நண்டுக் குழம்பு வேண்டுமாம். ஏலே, அது நீ பிறந்த ஊர். உன் அய்யா வலையைக் கரையேற்றப் போய்த் திரும்பாத ஊர். உடம்பு கிடைக்கவில்லை, குழியும் இல்லை, அந்த மணல்தான் அவருக்குக் கல்லறை. பாலம் உடைந்துவிட்டது, வர வழியில்லை என்று அப்போது தந்தி அடித்தாய், நம்பினேன். பாலம் சரியாகி ரயில் ஓடியும் அய்யா சாவுக்குத் துட்டி கேட்க நீ வரவில்லை. பெரியபட்டினம் அலியார், அய்யாவோடு சங்கு எடுத்து விற்ற பழக்கத்துக்கு, அவ்வளவு தூரம் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். பெற்ற மகன் இப்போது கேமராவோடு வருகிறான்.

அங்கன வருகிற கூட்டத்தை நாங்கள் பார்க்காமலா இருக்கிறோம். கூரை போன கோயில் சுவரில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள், பீடத்தில் உட்கார்ந்து புளிச்சோறு தின்கிறார்கள். போன மாதம் ஒரு அம்மாள் உன் தங்கச்சியைக் கூப்பிட்டு, இங்கே ஆள் செத்த வீடு எதும்மா, காட்டேன் என்றாளாம். இவள்தான் வாய் திறக்காதவளாச்சே, அங்கே இடிந்து கிடக்கிற நம் பழைய வீட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டு தெரியாது என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், அதட்டித்தான் எழுத வைக்கிறேன்.

உன் சிநேகிதர்களுக்கு வழிகாட்ட வேறு ஆள் உண்டு, அவர்களுக்காக என் அடுப்பு எரியாது. மகனாக வருவதென்றால் தனியாக வா, கடல் கொந்தளிக்கிற ஐப்பசிக்கு முன்னே வா. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மணலில் நட, அய்யாவிடம் அழு. இருமல் விட்டதா, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. சேசு உனக்கு ஆயுசைத் தரட்டும், அதோடு புத்தியும் தரட்டும். ஒன்றை மறக்காதே, துட்டி வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்லிக் கிளம்புவதில்லை, அந்த மணலை விட்டு வாய் திறக்காமல் வந்துவிடு. வாரேன் என்கிற வார்த்தையை என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போ.

இப்படிக்கு, சிலுவைக் கீறல் போட்ட உன் அம்மா
செபஸ்தியம்மாள்