உப்புப் பூத்த அரக்குச் சேலை

அன்புள்ள சித்தி,

இன்று அம்மா பீரோவைத் திறந்து உன் அரக்கு நிறப் பருத்திச் சேலையை என் மடியில் வைத்தாள். கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் ஆசிரியர் தினம். பிளஸ் டூ மாணவிகள் சேலை கட்டிக்கொண்டு சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். எனக்கு ஆறாம் வகுப்பு, அறிவியல். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதன்பின் இதை யாரும் கட்டவில்லை.

செங்கல்பட்டுப் பள்ளியின் நேர்காணலுக்கு முந்தின நாளை நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் மூன்று பள்ளிகள் உன்னைத் திருப்பி அனுப்பியிருந்தன. இதுவும் கிடைக்காவிட்டால் புதுப்பட்டினம் துணிக்கடையில் பில் போடப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தாய். அம்மா தன் கல்யாணப் பட்டை எடுத்து நீட்டினாள்.

"இதக் கட்டிக்கினு போனா மண்டபத்துக்கு வழி சொல்லி அனுப்பிடுவாங்கக்கா" என்றாய்.

எட்டாம் வகுப்பு படித்த என்னைச் சுவரோரம் உட்கார வைத்தாய். "நீதான் கடைசி பெஞ்சு. உண்மையச் சொல்லு." ஒவ்வொரு சேலையாகக் கட்டி, கரும்பலகையின் உச்சியில் எழுதுவதுபோல் சுவரில் கையை உயர்த்தினாய். ஒன்றில் இடுப்பு தெரிந்தது. ஒன்று தோளிலிருந்து வழுக்கியது. இன்னொன்று நடக்கும்போது சரசரத்தது. "பசங்க அதத்தான் கேட்டுகினு இருப்பாங்க" என்று அவிழ்த்துப் போட்டாய். உன்னைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களைப் பற்றி அன்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் இந்த அரக்குச் சேலைதான் தேறியது.

அதைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தருவதாக அம்மா வாங்கிக்கொண்டாள். நம் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அடர் நிறத் துணியைக் கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். அவசரத்தில் அம்மா அதை மறந்துவிட்டாள். காலையில் மொட்டைமாடிக் கொடியில் சேலை முழுக்க வெள்ளைக் கோடுகள். பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

"உன் வேலையக் கெடுத்துட்டேன்டி. வேற ஒண்ணு கட்டிக்கினு போ" என்று அம்மா அழுதாள்.

"வேற எதுலயும் கை மேல போவலியேக்கா. எதுக்கு அழுவுற? சாக்பீஸ் தூள்னு நெனச்சிப்பாங்க. அனுபவம் கீதுன்னு வேலை குடுத்துடப் போறாங்க."

அம்மா சிரித்துவிட்டாள். கொசுவத்தில் குத்த நான் எடுத்துக் கொடுத்த ஊக்கை நீ மூன்று முறை குத்திக் கழற்றியது எனக்கு மட்டும் தெரியும்.

சாயங்காலம் நீ வந்து சொன்ன கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தலைமையாசிரியை உன் சேலையை மேலும் கீழும் பார்த்தார். மாதிரி வகுப்புக்காக நீ வரைந்து எடுத்துப்போன பூவின் பாகங்கள் படம் சுருட்டியபடியே மேசையில் கிடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முன் முந்தானையை விரித்துப் பிடித்து, "இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாய்.

பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "உப்பு மிஸ். எங்க வூட்டுத் தண்ணியும் இப்டித்தான் கீது."

"சரி, அப்ப தண்ணி எங்க போச்சு?"

அங்கிருந்து ஆவியாதல் பாடம் தொடங்கியது. அடுத்த வாரம் வேலை உத்தரவு வந்தது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தப் பள்ளியில் நீ 'உப்பு மிஸ்'தான். அந்தப் பெயரைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த பெருமையை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

சற்றுமுன் சேலையைக் கட்டிப் பார்த்தேன். சுவரில் கையை உயர்த்தியதும் உன்னைப் போலவே திரும்பினேன். என் பழைய இடத்தில், தானாகவே, அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இடுப்பு தெரிலடி. இன்னும் மேல எழுது" என்றாள்.

பிறகு சேலையைத் துவைத்தபோது, கடைசியாக அலச, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர் கேனைத் தூக்கி வந்தாள். இந்த முறை மறக்கவில்லை. போர் தண்ணீரே போதும் என்றேன். கேனைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தாள். வெள்ளிக்கிழமை என்ன பாடம் என்று அவள் கேட்கவில்லை.

உன்
கடைசி பெஞ்சு