ஆற்றை நிப்பாட்டச் சொன்ன கதை

அன்புள்ள பத்மா,

நீரும் மகளும் சுகம்தானே? எனக்கும் குறைவில்லை, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. வெங்காய நடுகைக்கு வருவேன் என்றேன் அல்லவா, அதில் ஒரு மாற்றம். தொலைபேசியில் சொன்னால் சிரித்தே கெடுப்பீர், ஆகவே எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற மீகாங் ஆற்று அணையின் மதகுகளைப் போன கிழமை முதன்முதலாகத் திறந்தார்கள்! இனி மின்சாரம், கப்பல் பாதை, வயலுக்கு வாய்க்கால், எல்லாம் இந்த ஒரே ஆற்றில். எல்லோரும் கைதட்டினார்கள். ஆறே இல்லாத எங்கள் சுன்னாகத்தில் கிணற்றை நம்பி வளர்ந்த எனக்குப் பொறுக்குமா? "நிப்பாட்டுங்கோ, தண்ணி வீணாப் போகுது!" என்று கத்திக்கொண்டு பெரிய எஞ்சினியரிடம் ஓடி, வழுக்கி விழுந்தேன். காலில் சின்ன வீக்கம்தான்.

நம்மூர் வெல்டர் சப்ரான் தூக்கிவிட்டான். "அண்ணை, உது ஆறு! உங்கடை தோட்டத்து மோட்டர் இல்லை, நிப்பாட்ட!"

நான் கத்தியதை அவன் மொழிபெயர்த்துச் சொல்ல, எஞ்சினியர் விழுந்து விழுந்து சிரித்தார். தண்ணீரில் இவ்வளவு கஞ்சனாக இருப்பவன்தான் மதகைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று என் வேலையை இன்னுமொரு வருடம் நீட்டிவிட்டார்! சம்பளத்தையும் கூட்டிவிட்டார்.

ஆகவே வெங்காயத்தை நீரே நடும். மிளகாய்த்தூள் அனுப்பும். பாத்திக்குத் தண்ணீர் விடும்போது வாய்க்கால் ஓடுகிற சத்தத்தைப் பதிந்து அனுப்பும். இந்த ஆறு போடும் இரைச்சலில் நித்திரை வருகுதில்லை.

சப்ரான் தபாலுக்குப் புறப்பட்டுவிட்டான், கத்துகிறான்.

உம்முடைய
மார்க்கண்டு