இடவப்பாதிக்கு முன்னே இடிக்க வேண்டிய சுவர்

புதுக்கடை,
கொல்லம் 1107-ம் ஆண்டு மேட மாதம்.

என் அருமை மகன் ரசலையனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இலங்கைத் தேயிலைக் காட்டுக் குளிரில் கர்த்தர் உன்னைக் காத்துவருவார் என்று நம்பியிருக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதவே கை போகிறது, ஆனால் அது பொய்யாகும் மக்கா.

பழைய வீட்டைப் பிரித்தது முதல் மாட்டுத்தொழுவத்தில் ஓலைச் சாய்ப்பு இறக்கிக் குடியிருக்கிறோம், உன் தங்கை ஞானசெல்வி தலைப்பேறுக்கு வந்து அதில்தான் கிடக்கிறாள். புது வீட்டு வேலையை உன் அப்பா நம் சபை மேஸ்திரி குமாரதாஸிடம் ஒப்படைத்தது உனக்குத் தெரியும். வெளுத்த சட்டை போட்டு வருவான், ஆராதனையில் முன்னால் இருந்து உருக்கமாய் ஜெபிப்பான், நாகர்கோவிலில் ஒரு பங்களாவைக் காட்டி இது என் வேலை என்றான். அப்பா அதைத் தெருவில் நின்று பார்த்ததோடு சரி, உள்ளே குடியிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்குனியில் ஒரு கோடைமழை பெய்தது, பெருமழைகூட இல்லை, புது வீட்டின் வடக்குச் சுவர் அப்படியே வெளிப்பக்கமாய்ச் சரிந்து விழுந்தது. அந்தச் சுவரோரம் இருந்து அரிசி புடைத்த ஞானசெல்வி தூறல் கண்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தாள், சுளகு கல்லுக்கு அடியில் போய்விட்டது. இடிந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன், மேலே பூச்சு மட்டும்தான் சுண்ணாம்பு, உள்ளே வெறும் களிமண். பிறகு விசாரித்தால் அந்தப் பங்களாவில் இவன் கூலியாட்களை மேய்க்க நின்றவனாம், கட்டியவர் வேறு ஆளாம்.

அவனோ கூசாமல் வந்து நின்று, மழை பெய்யதுக்கு நான் என்ன செய்யட்டும் அம்மா, எல்லாம் தேவசித்தம், விழுந்ததை மட்டும் திரும்பக் கெட்டி, ஓடு ஏத்தித் தாறேன் என்றான். அப்பாவும் சரி என்றுவிட்டார். மற்றச் சுவர்களும் அதே கை எழுப்பியதுதானே என்று கதறினேன், காதில் ஏறவில்லை. குமாரதாஸ் யோக்கியன் என்று சபையில் எழுந்து சொல்லி, நாலு பேர் வீட்டு வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர், இப்போது அவனை விலக்கினால் தம் சொல் விழுந்துபோகும் என்று அஞ்சுகிறார். நம் பிள்ளை பச்சைக்குழந்தையோடு அந்த ஓட்டுக்குக் கீழேயல்லவா படுக்க வேண்டும், நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லி இனயம் கடப்புறத்துக்கு நடந்தேன். அங்கே மரியஜான் என்ற கத்தோலிக்கக் கொத்தனார் கட்டிய வீடுகள் கடற்காற்றுக்கு அசையாது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதில் ஒன்றில் குடியிருக்கும் வியாகுலம்மாளிடம், மழை பெய்தால் எங்கெங்கே பாத்திரம் வைப்பீர்கள் என்று கேட்டேன். அவள் சிரித்து, பாத்திரமா, ஒரு சொட்டு உள்ள வராதுட்டி என்றாள். அடுக்களையில் புகை தங்குகிறது என்று ஒரு தடவை சொன்னாளாம், அவர் முகம் கோணாமல் வந்து கட்டியதை உடைத்துத் திரும்பக் கட்டிக் கொடுத்தாராம். அந்தச் சொல்தான் என் மனதைப் பிடித்தது மகனே. அப்பா சந்தைக்குப் போன நேரம் மரியஜானை வரவழைத்துக் காட்டினேன். கொத்துக்கரண்டியால் சுவரைச் சுரண்டினார், மூலைக்கு மூலை தட்டினார், பிறகு, அம்மா, இதுக்கு மேல நான் ஓடு ஏத்த மாட்டேன், அஸ்திவாரம் வரைக்கும் எடுக்கணும் என்றார். பாதியையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினேன். ஏத்த ஆளு கிடைப்பான், நான் ஏத்தி உங்க மக்களைக் கொல்ல மாட்டேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

இதை அப்பாவிடம் சொன்னபோது வீடு இரண்டானது. நம்ம சபையில ஆளில்லாமலா கடப்புறத்து வேதக்காரன் வந்து என் செவர இடிக்கணும், நான் செத்த பொறவு இடிக்கட்டும் என்று கத்தினார். அன்று முதல் என்னோடு பேச்சில்லை. திங்கட்கிழமை குமாரதாஸ் கூரைக்குக் கழுக்கோல் ஏற்ற வருகிறான். கூரை ஏறிவிட்டால் பிறகு யார் சொல்லியும் அவர் இறக்கமாட்டார், இடவப்பாதி மழையோ வாசலில் நிற்கிறது.

ஆகையால் ஒன்று செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அப்பா சங்கக் கூட்டத்துக்கு நாகர்கோவில் போகிறார், ஞாயிறு ஆராதனை முடிந்துதான் திரும்புவார். வெள்ளி காலையில் ஆட்களோடு வந்து சுவர் முழுவதையும் இடிக்கும்படி மரியஜானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அங்கே வெறும் தரைதான் இருக்கும். உன் அப்பா என்னை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் அம்மா இடித்தாள் என்று நீ உடனே அவருக்கு எழுத வேண்டும். பொய் சொல்லச் சொல்கிறாளே என்று நினைக்காதே, என்னை மன்னிக்காவிட்டாலும் உன்னை மன்னிப்பார்.

இவ்வளவும் எழுதும்போதே அப்பா வந்து நின்றார். பல நாளைக்குப் பிறகு வாய் திறந்து, ரசலுக்கா எழுதுக? வீடு நல்லா எழும்புது, அவன் வெசனப்படாண்டாம்னு எழுது என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

காய்ச்சல் கண்டால் கொயினா சாப்பிடு, அட்டைக் கடியைச் சொறியாதே. கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும். பதிலை அப்பா பேருக்கே போடு, மறந்தும் என் பேருக்குப் போடாதே.

உன் வரியை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ஞா. நேசபாய்